வீட்டுக் காய்கறித் தோட்டம்

வீட்டுக் காய்கறித் தோட்டம் என்பது ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கான கீரை, காய், கிழங்கு முதலியவற்றை வீட்டை ஒட்டிய நிலத்தில் வளர்க்கும் முறை ஆகும். இதனைக் குறைந்த செலவில் அமைக்க, எவற்றை நடாமல் விடுவது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகே காட்டை ஒட்டியுள்ள சானமாவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

தேவையைக் கணித்தல்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறியைப் பரிந்துரைத்தது. இதில் கீரை 50 கிராம், கிழங்கு 50 கிராம், பிற காய்கள் 200 கிராம். இதன்படி நால்வர் கொண்ட குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 1.2 கிலோ தேவை. சிறிய தோட்டம் இது முழுவதையும் தராது. ஆயினும் கீரையின் பங்கான 200 கிராமை எளிதில் தரும். முளைக்கீரை ஏறத்தாழ 25 நாட்களில் பறிப்புக்கு வரும். எனவே நான்கு சிறு பாத்திகள் அமைத்து, வாரம் ஒரு பாத்தியில் விதைத்து வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

பயிர்த் தேர்வு

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டைப் பகுதிகளில் தக்காளி பெருமளவில் விளைகிறது. வரத்து மிகும்போது அதன் விலை வெகுவாகச் சரியும். ஆகவே விலை ஏறும் காலத்திற்கென நான்கைந்து தக்காளிச் செடிகள் போதும். எஞ்சிய இடத்தைக் கீரை, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஒதுக்கலாம். ஆடியில் வேலியோரம் ஊன்றிய அவரை, குளிர்காலத்தில் காய்க்கும்.

செலவைக் குறைத்தல்

நாட்டு வகைகளின் விதைகளை முற்றவிட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த பட்டத்திற்கு உதவும். வீரிய ஒட்டு விதைகள் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றின் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒரே சீராக இரா. சமையற்கழிவும் சாணமும் மட்கி எருவாகும்.

யானைகளும் தோட்டமும்

ஆண்டுதோறும் மழைக்காலத்தை அடுத்து, கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, சவளகிரி வழியாகச் சானமாவு காட்டிற்கு வருகின்றன. வீட்டுக் கழிவுநீர் பாயும் இடத்தில் வாழை நடுவது தமிழகத்தில் பொதுவான வழக்கம். யானைகள் விரும்பி உண்ணும் வாழை, கரும்பு, பலா ஆகியவை காட்டோர ஊர்களில் அவற்றை வீட்டு வாசல் வரை அழைத்துவிடும். கழிவுநீரை மணற்குழியில் வடித்து, கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு விடலாம். மிளகாயை யானைகள் பொதுவாக உண்பதில்லை. ஆயினும் எந்தச் செடியும் அவற்றுக்குத் தடையாகிவிடாது.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம் ஆகும். அது யானையை மட்டுமன்றி, அறியாமல் தொடும் வீட்டாரையும் கொல்லக்கூடும். யானை நடமாட்டம் உள்ள நாட்களில் இருள் விலகுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் தோட்டத்திற்குச் செல்லாதிருப்பதும், வனத்துறைக்குத் தகவல் தருவதும் பாதுகாப்பானவை.