கல்லீரலுக்கு வந்த ஊசி, தொப்பைக்குப் போன கதை

எடை குறைப்பு கிளினிக்குகளில் வாராவாரம் போடும் ‘லிப்போட்ரோபிக்’ ஊசி மருந்து பெரும்பாலும் மாதுளைச் சாறுபோல் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு, நடுவில் கோபால்ட் அணுவை வைத்திருக்கும் பி12 வைட்டமினின் நிறம். கூடவே மெத்தியோனின், இனோசிட்டால், கோலின் என்ற மூன்றும் சேர்ந்திருக்கும். கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லித்தான் போடுகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு வேர் கனடாவின் டொராண்டோவில் இருக்கிறது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்ட், கணையம் அகற்றப்பட்ட நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்சுலின் போட்டு அவற்றின் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு மண்டியது. தீனியில் லெசித்தின் சேர்த்தபோது அது வடிந்தது. லெசித்தினுக்குள் இருந்த கோலின்தான் அதற்குக் காரணம் என்று 1932-இல் அவரது குழு கண்டது.

கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. பொட்டலத்தின் மேலுறைக்குக் கோலின் வேண்டும். கோலின் இல்லையென்றால் உறை இல்லை; சரக்கு உள்ளேயே தேங்கிவிடும். கோலின் செய்வது இந்த வழியைத் திறந்துவிடுவதுதான். வெளியேறிய கொழுப்பு அங்கேயே எரிந்துவிடுவதில்லை. ரத்தத்தோடு தசைக்குப் போகலாம், திரும்ப இடுப்புக்கே வந்தும் சேரலாம். கோலின் பற்றாக்குறையே இல்லாத ஒருவரின் தொப்பையை இந்த ஊசி கரைக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை.

“ஊசி போட்டதும் தெம்பா இருக்கு” என்பவர்களை நான் மறுக்கவில்லை. பி12 குறைந்திருந்தவருக்கு அது உண்மையான தெம்பு. முட்டை, பால், இறைச்சி எதையும் தொடாதவர்கள், மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் சர்க்கரை நோயாளிகள், இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறை வரக்கூடியது. ரத்தம் குறையும்; கால் மரத்துப்போகும். ஆனால் உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2.4 மைக்ரோகிராம். ஒரு ஊசியில் பெரும்பாலும் 1,000 மைக்ரோகிராம். குறை இல்லாதவருக்கு அதில் பெரும்பங்கு சிறுநீரோடு போய்விடும்.

எனக்குக் கவலை தருவது, அசதியோடு வரும் பெண்ணுக்குப் பரிசோதனை ஏதும் இல்லாமல் ஊசி ஏறுவதுதான். அசதிக்குக் காரணம் இரும்புச் சத்துக் குறைவாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஊசி ஏறிவிட்டால் ரத்தத்தில் பி12 அளவு உயர்ந்துவிடும். முன்பு குறை இருந்ததா என்று மருத்துவரால்கூட எளிதில் சொல்ல முடியாது.