மூச்சுக்குக் காவல் கழுத்தில்

விருத்தாசலத்தில் செய்த பீங்கான் அகல்விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் கிளேஸ் பூசி வழவழவென்று இருக்கும். பூச்சு ஏறாத அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் கரகரக்கும். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் மூன்றையும் மாவாக அரைத்து, தண்ணீரில் குழைத்து, அச்சில் வார்த்து, காயவைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த பொருள் அது. விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் பெயர்போன இந்த ஊர், பீங்கானுக்கும் பெயர்போன ஊர். பொம்மை, ஜாடி, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்கே சூளையிலிருந்து இறங்குகின்றன. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கும் ஊர் இது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களின் மூச்சுக்குள் இரண்டு பொருள்கள் நுழையப் பார்க்கின்றன: அரைவைத் தூசி, சூளைப் புகை. இரண்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு உறுப்பு காவல் நிற்கிறது. தூசியால் நுரையீரல் கெட்டால் அது இரவுபகலாகக் கத்துகிறது. சூளைப் புகையில் இருக்கும் ஒரு வாயு வந்தால் வாயே திறப்பதில்லை. பீங்கான் தொழிலாளி ஒவ்வொருவரும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு

குரல்வளை மேட்டின் ஓரத்தில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் போதும், அழுத்த வேண்டாம். துடிப்பது கழுத்துத் தமனி. இதயத்திலிருந்து தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் இந்தக் குழாய், குரல்வளை மேட்டின் மேல் விளிம்புக்கு ஏறக்குறைய நேராக இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கு. அந்தக் கவட்டையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் அரிசி மணி அளவுச் சதைத் துணுக்கைத்தான் மருத்துவர்கள் 'கரோட்டிட் பாடி' என்கிறார்கள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. சாதாரணமாகத் தொட்டால் தட்டுப்படாது.

அளவுக்குச் சம்பந்தமே இல்லாத அளவு ரத்தம் அதற்குள் பாய்கிறது. விலங்குகளில் அளந்து பார்த்ததில், 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 2,000 மில்லி என்ற கணக்கு வந்தது. நம் மூளைக்கே 100 கிராமுக்கு 50 மில்லிதான். இவ்வளவு ரத்தம் அதன் பசிக்காக வருவதல்ல. ஓடும் ரத்தத்தை நொடிக்கு நொடி ருசி பார்ப்பதே அதன் வேலை.

பக்கத்திலேயே, தமனிச் சுவரில், கரோட்டிட் சைனஸ் என்ற வீக்கமான பகுதி உண்டு. அது ரத்த அழுத்தத்தைக் கவனிக்கிறது. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சைனஸ் அழுத்தத்துக்கு, பாடி ஆக்சிஜனுக்கு. சலூனில் முடிவெட்டிய பிறகு கழுத்தைப் பிடித்து அமுக்கி, சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அப்போது அந்த சைனஸ் அழுந்தினால் சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரும். தமனியின் உள்சுவரே கிழிவதும் உண்டு. தயவுசெய்து கழுத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

காவல் எப்படி நடக்கிறது

கரோட்டிட் பாடிக்குள் இரண்டு வகை உயிரணுக்கள். ஆக்சிஜனை உணர்பவை ஒரு வகை, அவற்றைத் தாங்கி அணைத்திருப்பவை இன்னொரு வகை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் உணரும் உயிரணுக்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் அடைபடுகின்றன. உயிரணுவின் மின்நிலை மாறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, செய்தி சொல்லும் ரசாயனங்கள் வெளியே கொட்டுகின்றன. ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை வழியாக அந்தச் செய்தி மூளையின் அடித்தண்டுக்குப் போய்ச் சேர, மூச்சு வேகமெடுக்கிறது. இதெல்லாம் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சாதாரணமாக 80 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். 60-க்குக் கீழே இறங்கினால்தான் கரோட்டிட் பாடி உரத்துக் குரல் கொடுக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரில் அது சுமார் 90 சதவீதம். கரியமில வாயு கூடினாலும், ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறினாலும் இதற்குத் தெரியும். ஆனால் கரியமில வாயுவுக்கு முதன்மைக் காவல் மூளைக்குள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து மூச்சைத் தூண்டும் பொறுப்பு பெரும்பாலும் கழுத்தில் இருக்கும் இந்த இரண்டு அரிசி மணிகளுக்குத்தான். 3,888 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமர்நாத்துக்கு யாத்திரை போகிறவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குவது இவற்றின் வேலை.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஸ்பெயினில் நரம்பியல் அறிஞர் ராமோன் இ கஹாலின் மாணவர் ஃபெர்னாண்டோ டி காஸ்ட்ரோ, 1926 முதல் 1928 வரை நுண்நோக்கியில் நரம்பு இழைகளைத் தேடித் தேடி, இந்த உறுப்பு ரத்தத்தின் ரசாயனத்தை ருசி பார்க்கிறது என்று முதலில் எழுதினார். பெல்ஜியத்தின் கார்னெய்ல் ஹேமன்ஸ் அதைச் சோதனையில் நிறுவினார். 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேமன்ஸுக்குப் போனது. டி காஸ்ட்ரோவுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

இந்த உறுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் மனிதர்களே சாட்சி. ஜப்பானில் கோமெய் நாகயாமா என்ற அறுவை மருத்துவர், ஆஸ்துமா குணமாகும் என்று நம்பி, 1940-கள் தொடங்கி ஏறக்குறைய 4,000 பேருக்குக் கரோட்டிட் பாடியை வெட்டி எடுத்தார். பிற நாடுகளிலும் இது பரவியது. முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆஸ்துமாவுக்குப் பலனில்லை என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் எடுக்கப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் மூச்சு வேகமெடுக்கவில்லை. அவர்களுக்குத் திணறல் கூடத் தெரியாமல் போனது.

கழுத்தில் கட்டி வந்தால்

"கழுத்துல நெறி கட்டியிருக்கு" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் அது நிணநீர்க் கட்டிதான். பல்லிலோ தொண்டையிலோ வந்த தொற்றாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். மிக அபூர்வமாக அது கரோட்டிட் பாடியிலேயே வளர்ந்த கட்டியாக இருக்கும்.

தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், வலியில்லாமல் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். விரல் வைத்தால் துடிப்பு தெரியலாம். பக்கவாட்டில் தள்ளினால் அசையும், மேலும் கீழும் தள்ளினால் அசையாது. தமனியின் கவட்டையில் பிடித்துக்கொண்டிருப்பதால் இப்படி. பெரிதானால் குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், நாக்கு ஒரு பக்கம் கோணுவது என்று நரம்புகள் அழுந்தும் அடையாளங்கள் வரும். பெரும்பாலும் இவை புற்றுநோய் அல்ல. பரவும் தன்மை சிறுபான்மைக்கே உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது ரத்தம் நிரம்பிய கட்டி. துடிக்கும் கட்டியில் கத்தி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பது ஆபத்து. முதலில் டாப்ளர் ஸ்கேன், பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோகிராம். அந்தப் படத்தில் இரண்டு தமனிக் கிளைகளும் யாழின் கைகளைப் போல விரிந்து தெரியும். அறுவை சிகிச்சை ரத்தக்குழாய் நிபுணர் இருக்கும் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால் ரத்தப்போக்கும் நரம்புப் பாதிப்பும் குறைவு.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. எஸ்.டி.ஹெச்.டி. என்ற மரபணுவில் பிழை இருந்தால், அது அப்பா வழியில் வந்த பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் நோயாக வெளிப்படும், அம்மா வழியில் வந்தால் பெரும்பாலும் வெளிப்படாது. 2000-ஆம் ஆண்டில் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ, சொந்தத்தில் யாருக்காவது இருந்தாலோ, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறட்டையும் ரத்தக்கொதிப்பும்

தூக்கத்தில் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திணறி எழுந்து மறுபடி குறட்டை விடுபவர்களுக்கு, இரவெல்லாம் ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தால் கரோட்டிட் பாடி அளவுமீறிக் கூர்மையாகிறது. பகலிலும் அடங்காமல் நரம்புகளை முடுக்கி ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறது. இந்தியாவில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நந்தூரி பிரபாகர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவருக்குப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

தூசி: ஓயாமல் கத்தும் காவல்

இனி பீங்கான் பட்டறைக்கு வருவோம். குவார்ட்ஸ் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போவது, தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள். அதை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் செத்துவிழ, அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை அழிக்க மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. 1997-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படிகத் தூசியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

முற்றிய நிலையில் இருப்பவரைத் திண்ணையில் பார்த்தால் தெரியும். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்திருப்பார். தோள்கள் ஏறி இறங்கும். "சாப்பிட்டீங்களா" என்றால் பதிலை இரண்டு மூச்சில் சொல்வார். கழுத்துக் காவல் ஒரு நிமிடம்கூட ஓய்வில்லாமல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பதன் விளைவு அது. நீண்டகால நுரையீரல் நோயில் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, கரோட்டிட் பாடி வழக்கத்தைவிடப் பெருத்திருந்ததைப் பிரிட்டனில் டொனால்ட் ஹீத் பதிவு செய்திருக்கிறார். ஆண்டீஸ் மலை உச்சிகளில் வாழ்பவர்களுக்கும் இப்படித்தான் பெருக்கிறது. அங்கே இந்தக் கட்டிகளும் அதிகம்.

நாள்பட்ட சளி, இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தால், அளவை நீங்களாகத் திருகி ஏற்றாதீர்கள். அவர்களில் சிலருக்குக் கரியமில வாயுவை உணரும் திறன் மங்கிப்போய், கழுத்துக் காவலை நம்பித்தான் மூச்சு ஓடும். அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு மந்தமாகி, கரியமில வாயு சேர்ந்து, மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதமே இலக்கு.

வருமுன் காப்பது மட்டுமே வழி. உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு வழிக்க வேண்டும். அரைவை இயந்திரத்துக்கு மூடியும், தூசி உறிஞ்சும் குழாயும் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளைத் தடுக்காது. சரியாகப் பொருந்திய என்-95 முகக்கவசமே குறைந்தபட்சம். சிலிக்கோசிஸ் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, மருத்துவர் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றது. தொழிலாளிக்கு இழப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு. இருமலுக்கு மருந்து வாங்கப் போகும்போது, "பீங்கான் கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் சிலிக்கோசிஸ் வெறும் காசநோயாகக் கருதப்பட்டு, மறுபடி மறுபடி மாத்திரை கொடுக்கப்படுவது உண்டு.

புகை: வாய் திறக்காத காவல்

விறகோ, நிலக்கரியோ, எண்ணெயோ, எரிவாயுவோ, காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறுவதற்கு இடமே இருக்காது.

அப்படியானால் கழுத்துக் காவல் கத்த வேண்டுமே? கத்தாது. அது பார்ப்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தை. நுரையீரல் நன்றாக இருக்கும்வரை அந்த அழுத்தம் குறைவதில்லை. ஹீமோகுளோபின் சுமந்து செல்லும் மொத்த ஆக்சிஜன் பாதியாகக் குறைந்தாலும், கரோட்டிட் பாடிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் இந்த வாயுவில் மாட்டியவருக்குப் பெரும்பாலும் மூச்சுத் திணறுவதில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, குழப்பம், பிறகு தூக்கம். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் போட்டவர்களும், மலையூர் அறையில் குளிருக்குக் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்களும் சத்தமில்லாமல் இறப்பது இப்படித்தான்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதே இடத்தில் ஏமாறுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால், அதை ஆக்சிஜன் என்று எண்ணி 98, 99 என்று காட்டும். கழுத்தில் இருக்கும் காவலும் கையில் இருக்கும் கருவியும் ஒரே நேரத்தில் "ஒன்றுமில்லை" என்கின்றன.

சூளைக்கு அருகே இரவு வேலை பார்ப்பவர் தலை வலிக்கிறது என்றால், இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வலித்தால், மாத்திரை தேட வேண்டாம். எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். கதகதப்புக்காகச் சூளை ஒட்டிய மூடிய அறையில் யாரும் படுக்க வேண்டாம். ஒருவர் மயங்கிக் கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து நீங்களும் விழாதீர்கள். கதவுகளை வெளியிலிருந்து திறந்துவிட்டு, ஆள் சேர்த்து இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். 108-ஐ அழையுங்கள். வண்டியில் வருபவர் விரலில் கருவி மாட்டி, எண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லக்கூடும். அதற்கு முன்பே, "இவர் சூளைப் பக்கத்தில் இருந்தவர், புகை வாயுவாக இருக்கலாம், முழு ஆக்சிஜன் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.