ரெண்டு ஹீரோ, பத்து ஃபைட்டர், கடற்கரை மணல்: சின்ன பட்ஜெட் சண்டைப் படத்தில் அடி யாருக்கு?

மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை. நண்பர்கள் ரெண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்க, சுற்றிலும் பத்து அடியாட்கள். பெரிய ஸ்டார் இல்லை, பறக்கும் கார் இல்லை. கை, கால், ஒரு சிலம்பக் கம்பு, அவ்வளவுதான். கையில் காசு குறைவாக இருக்கும் தயாரிப்பாளருக்கு இந்தக் காட்சி ஏன் பிடிக்கிறது?

ரெண்டு ஹீரோ இருப்பதே ஒரு வசதி. ஒருத்தர் அடியில் டைமிங் தப்பினால், எடிட்டர் சட்டென்று அடுத்தவர் ஷாட்டுக்குத் தாவிவிடலாம். விழுந்த ஃபைட்டர் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி ஓடி வருவார். பத்து பேர் திரையில் இருபது பேர் ஆகிவிடுவார்கள்! குத்து முகத்தில் படுவதே இல்லை. கேமரா ஹீரோவின் தோளுக்குப் பின்னால் இருந்தால் நடுவில் உள்ள இடைவெளி தெரியாது. சத்தம் பிறகு சேர்ப்பது. குத்தை நம்ப வைப்பது, அதை வாங்குகிறவரின் நடிப்பு.

சரி, ஏன் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை? ஈசிஆர் வழியாகக் காலையில் போய் ராத்திரி சென்னை திரும்பிவிடலாம், லாட்ஜ் செலவு மிச்சம். திரைத்துறையினருக்கு 2010-ல் அரசு நிலம் ஒதுக்கிய பையனூரும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் எடுக்க இந்தியத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கி, கட்டணமும் கட்டணும். அதனால் சின்ன யூனிட்டுக்கு மணல்தான் கதி.

அந்த மணலை நம்பவும் முடியாது. உலர்ந்த மணலில் விழுந்தால் மெத்தை மாதிரி. அலை நனைத்த மணலோ தரை மாதிரி கெட்டி. சுழன்று உதைக்கும்போது ஊன்றிய கால் புதைந்தால் முட்டி திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து ஒத்திகை. 2011-ல் வந்த இந்தோனேசியப் படம் 'தி ரெய்ட்' சுமார் 11 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. ஆனால் கேமரா உருளும் முன்பே சண்டைகளை ஒத்திகை பார்த்து, வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பணத்துக்குப் பதில் நேரத்தைச் செலவழித்தார்கள். நம்ம ஊர் சின்னப் படத்தில் முதலில் வெட்டு விழுவதே அந்த நேரத்துக்குத்தான். ரெண்டு நாள் கால்ஷீட்டில் மொத்த ஃபைட்டும் முடியணும் என்றால், ஒத்திகை நேரடியாக டேக்கில்தான் நடக்கும்.

2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், 'வேட்டுவம்' படத்துக்காகக் கார் கவிழும் காட்சியை எடுத்தபோது இன்னொருவர் உயிர் போனது. ரெண்டுமே சின்னப் படமில்லை. அங்கேயே இப்படி என்றால், ஆம்புலன்ஸ் வாடகையையே யோசிக்கும் யூனிட்டின் நிலை?

நாகை சம்பவத்துக்குப் பிறகு, நடிகர் அக்‌ஷய் குமார் நாடு முழுக்க சுமார் 650 ஸ்டண்ட் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது தயாரிப்பாளர் செய்ய வேண்டிய வேலை இல்லையா?

புதுசாக ஃபைட்டர் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வழக்கமான தனிநபர் விபத்துக் காப்பீட்டில் ஆபத்தான சாகசங்களுக்கு விலக்கு இருப்பது சகஜம். பாலிசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. ஸ்டண்டுக்குச் செல்லுமா, எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கணும்.