வுழூத் தண்ணீரும் வல்லாரைப் பாத்தியும்

"ஹஸரத், கிணற்றடி எந்நேரமும் சேறாகவே கிடக்கிறது. சீமெந்து போட்டு மூடிவிடலாமா?" என்று சகோதரியொருவர் கேட்டார். மூட வேண்டாம், அங்கே வல்லாரை நடுங்கள் என்றேன். "வுழூச் செய்த தண்ணீராயிற்றே, அதில் முளைத்ததை உண்ணலாமா?" என்பது அவரது அடுத்த கேள்வி.

ஷாபிஈ மத்ஹபின்படி, பர்ளான வுழூவுக்குப் பயன்பட்ட சொற்பத் தண்ணீரால் மீண்டும் வுழூச் செய்ய முடியாது. ஆனால் அது நஜீஸ் அல்ல, சுத்தமானதே. எனவே தாராளமாகப் பயிருக்கு விடலாம். அதற்காகத் தண்ணீரை வீணாக்கலாகாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் நிறையும் அளவு தண்ணீரில் வுழூச் செய்திருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீரையும் மலசலகூடத் தண்ணீரையும் மட்டும் கீரைப் பாத்திக்கு வராமல் வேறு பக்கம் திருப்பி விடுங்கள்.

ஈர மண்ணுக்கென்றே அல்லாஹ் நம் நாட்டில் பல செடிகளைப் படைத்திருக்கிறான். இவை ஒருமுறை நட்டால் ஆண்டாண்டாய் நிலைப்பவை. வல்லாரையின் ஓடு கொடியில் வேர்விட்ட கணுக்களை வெட்டி, சாண் இடைவெளியில் நடுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. பொன்னாங்காணித் தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். சற்றே நீர் நிற்கும் ஓரத்தில் நீர்ப்பிரமி படரும். சம்பலுக்கோ இலைக்கஞ்சிக்கோ பறிக்கும்போது அடிமண்ணோடு பிடுங்காதீர்கள். இலைகளைப் பல தடவை கழுவுங்கள். தெருக்கானில் முளைத்த கீரையை ஒருபோதும் சமைக்க வேண்டாம்.

பூ வேண்டுமென்றால் 1986இல் நமது தேசிய மலராக்கப்பட்ட நீலோற்பலம் இருக்கிறது. அகன்ற சட்டியில் களிமண்ணிட்டுக் கிழங்கை நட்டு, மேலே சிறு கற்களைப் பரப்பி, தொட்டி நீரில் இறக்குங்கள். நுளம்புக் குடம்பிகளைத் தின்ன அதில் கப்பி மீன் விட மறந்துவிடாதீர்கள். டெங்கு பரப்பும் நுளம்பு தெளிந்த நீரிலும் முட்டையிடும். தவழும் பிள்ளையுள்ள வீட்டில் தொட்டியே வேண்டாம். ஒரு சாண் நீரும் குழந்தைக்கு ஆழமே.

இனிக் குளக்கரைக்கு வருவோம். எங்கள் ஊர்க் குளத்தைத் துப்புரவு செய்வதாகச் சொல்லி இயந்திரத்தால் கரையை ஒட்டச் சுரண்டினார்கள். நானும் நல்லதென்றே எண்ணினேன். அடுத்த மாரியில் கரை கரைந்து குளத்துக்குள் விழுந்தது. கரையோரத்துப் பன்னும் போயிற்று. பன்பாய் இழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த விதவைத் தாயொருவர், அதன்பின் வெளியூர்ப் பன்னை விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கரையை இறுகப் பிடித்திருந்தது பன்னின் வேர் என்பதும், மழைநீரோடு வரும் மண்ணை மறித்தது அதன் தண்டு என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னைக் கிழங்கோடு பிடுங்காமல் மேலே அறுத்தால் அது மீண்டும் துளிர்க்கும். ஓரத்தில் பாசியும் செடியும் இருப்பதால் குளத்து நீர் வுழூவுக்கு ஆகாது என்பதும் தவறு. நீரில் தானாக வளரும் பாசியால் அதன் தூய்மைப்படுத்தும் தன்மை நீங்குவதில்லை.

அகற்ற வேண்டியவை அந்நியச் செடிகளே. ஆற்றுவாழையின் பூ அழகுதான். ஆனால் அதைத் தடுக்க 1909இலேயே இந்நாட்டில் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939இல் வந்த சல்வீனியாவும் வயலையும் குளத்தையும் மூடிப் பரவியது. அழகுக்காக வாங்கிய நீர்ச்செடி எதனையும் குளத்திலோ வாய்க்காலிலோ வீசிவிடாதீர்கள்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. சகோதரிகளே, அந்த நன்மை உங்கள் கிணற்றடியிலேயே காத்திருக்கிறது. அயல்வீட்டு ராத்தாவுக்கும் ஒரு கணு வெட்டிக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரதும் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.