எஞ்சின் இருக்கும் இடம்

உயர்தர வகுப்பு மாணவர்கள் ஓய்வு வேளையிற் கூடிப் பேசும் பொருள்களுள், இன்னும் விற்பனைக்கு வாராத கார்களைப் பற்றிய பேச்சு இப்போது முதலிடம் பெற்றுள்ளது. 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டமையும் இப்பேச்சுக்கு ஒரு காரணமாகலாம். அடுத்து வரும் சிறிய விரைவுக் கார் முந்நூறு பரிவலு உடையதென்பான் ஒருவன். நானூறு என்பான் மற்றொருவன். தொகை ஏற ஏறக் கேட்போர் கூட்டமும் ஏறுகின்றது. தமிழாசிரியர் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தாரோ எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். செய்யுளிலே தளை தட்டும் இடத்தைத் தேடுவது எமது தொழில். காரிலும் உறுப்புகள் ஒன்றோடொன்று தளைப்படும் முறையே ஆராயத்தக்கது என்பது எமது கருத்து.

ஆதலின் பரிவலு எத்தனை என்னும் வினாவை நாம் இரண்டாவதாகவே வைப்போம். எஞ்சின் எங்கே, எவ்வாறு கிடக்கின்றது, எந்தச் சில்லுகளைச் சுழற்றுகின்றது என்பதே முதல் வினா. வரப்போகும் காரைப் பற்றிய ஊகங்களுள் நம்பத்தக்கது எது, வீண்பேச்சு எது என்பதை இவ்வினாவைக் கொண்டே பெரிதும் பிரித்தறியலாம்.

மூத்த பழைய மாணவர்கள் மொறிஸ் மைனரை மறந்திருக்கமாட்டார்கள். 1948 ஆம் ஆண்டு வெளிவந்த அக்காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அதன் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் நீளவாட்டிற் கிடப்பதைக் காணலாம். அதன் பின்னே கியர்ப் பெட்டி. அதிலிருந்து காரின் அடிவயிற்றின் வழியே பின் அச்சு வரை செல்லும் நீண்ட தண்டு. முன்னே பிறந்த வலு பின்சில்லுக்குப் போய்ச் சேர இத்துணை தூரம் பயணஞ் செய்தல் வேண்டும். அத்தண்டுக்கு வழிவிடவே நடுவிற் தரை மேடாயிற்று. கால் வைக்கும் இடமுங் குறைந்தது.

1956 ஆம் ஆண்டுச் சுயஸ் நெருக்கடியினால் பிரித்தானியாவிற் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. மிகச் சிறிய, ஆனால் நால்வர் இருக்கக்கூடிய கார் ஒன்றை ஆக்கும் பணி அதே இசிகோனிசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 ஓகஸ்டில் வெளிவந்த மினி அதன் பயனாகும். அதன் நீளம் ஏறத்தாழ 3.05 மீற்றர். இந்நீளத்துள் நால்வரையும் அவர்தம் பொதிகளையும் அடக்குதல் எங்ஙனம்? அவர் புதிய எஞ்சின் எதனையுந் தேடவில்லை. மொறிஸ் மைனருக்கு 1952 முதல் இடப்பட்ட அதே குடும்பத்து எஞ்சினை எடுத்துக் குறுக்குவாட்டிற் கிடத்தினார். கியர்ப் பெட்டியை அதன் பின்னே வையாது அடியிலே வைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றினார். வலு நேரே முன்சில்லுகளுக்குப் போயிற்று. நீண்ட தண்டு ஒழிந்தது. வெளிவந்தபோது எஞ்சினின் கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றர்; வலுவோ 34 பரிவலு மாத்திரமே.

அவர் ஆக்க எண்ணியது குடும்பக் காரேயன்றி விரைவுக் கார் அன்று. பந்தயக் கார் ஆக்குவதில் வல்லவரான ஜோன் கூப்பர் அதனுள் மறைந்திருந்த ஆற்றலைக் கண்டார். 1961 இல் 55 பரிவலுவுடன் மினி கூப்பர் வந்தது. பனி மூடிய மலைப்பாதைகளில் நிகழும் மொன்ரி கார்லோ ஓட்டத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினியே முதலிடம் பெற்றது. வலு மிகுந்த பெரிய கார்கள் அதன் பின்னே வந்தன. எஞ்சினின் பாரம் முழுவதும் தன்னை உந்தும் சில்லுகளின் மீதே அமர்ந்திருந்தமையால், வழுக்குந் தரையிலும் அவை பிடிப்பை இழக்கவில்லை. நுகத்திற் பூட்டிய மாடுகள் முன்னின்று இழுக்க வண்டி பின்தொடர்வது போன்றது இது. சவாரி பார்த்துப் பழகிய நம் ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கார் விரைந்து புறப்படும்போது அதன் பாரம் பின்னோக்கிச் சாய்கின்றது, முன்சில்லுகள் இலேசாகின்றன. வலு மிகுதியாக வேண்டிய அந்தக் கணத்திலேயே பிடிப்புக் குறைகின்றது. மேலும் முன்சில்லுகள் இழுத்தலுந் திரும்பலுமாகிய இரு வேலைகளைச் செய்கின்றன. 1969 இல் வந்த பியற் 128 என்னுங் காரிலே கியர்ப் பெட்டியை எஞ்சினின் அடியில் வையாது பக்கத்தில் வைத்தனர். எளிமையான அவ்வமைப்பையே பின்னர் உலகம் பெரும்பாலும் மேற்கொண்டது. ஆயின் கியர்ப் பெட்டி ஒரு பக்கம் ஒதுங்கவே, இரு சில்லுகளுக்குஞ் செல்லுந் தண்டுகளின் நீளம் ஒவ்வாதாயிற்று. வலு கூடியவிடத்து ஸ்ரியறிங் ஒரு பக்கமாக இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1976 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த வொக்ஸ்வாகன் கொல்ப் ஜி.ரி.ஐ. இல் 110 பரிவலுவே இருந்தது. எடை ஏறத்தாழ 810 கிலோகிராம். அளவறிந்து செய்த பொருள் அது. 2022 இல் வந்த ஹொண்டா சிவிக் வகை ஆரிலோ முந்நூறுக்கு மேற்பட்ட பரிவலுவை முன்சில்லுகளே தாங்கின. இரு சில்லுகளுக்கும் வலுவை அளந்து பகிரும் நுட்பமும், ஸ்ரியறிங்கின் இழுவையைத் தணிக்குந் தொங்கலமைப்பும் இதனை இயலச் செய்தன. இதற்கு மேலும் ஒரு நூறு பரிவலுவை முன்சில்லுகளில் ஏற்றுவர் எனக் கூறும் ஊகத்தை நாம் நம்புவதற்கில்லை.

இனி மாணவர்கள் பெரிதும் பேசும் ரொயோட்டாவுக்கு வருவோம். நம் வீதிகளிற் பழகிப்போன விற்ஸ் என்பது, ஏனைய நாடுகளில் யாரிஸ் என்னும் பெயரால் விற்கப்பட்ட கார். நம்மவர் பலர் வைத்திருக்கும் விற்சின் 1 லீற்றர் எஞ்சினுக்கு மூன்று உருளைகள். வலு 70 பரிவலு அளவில். 2020 இல் வந்த ஜி.ஆர். யாரிசின் எஞ்சினுக்கும் மூன்றே உருளைகள். கொள்ளளவு 1,618 கன சென்ரிமீற்றர். ஆயினும் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்ட காரில் அது 261 பரிவலு தந்தது. வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழலி ஒன்றைச் சுழற்றி, அதனால் உருளைகளுள் மிகுந்த காற்றைத் திணிக்கும் ரேர்போ அமைப்பே இதற்குக் காரணம். உருளைகள் மூன்றாகவே எஞ்சின் குறுகி, ஒடுங்கிய முன்பகுதியில் இடம் எஞ்சியது. வலுவோ நான்கு சில்லுகளுக்கும் பகிரப்பட்டது. முன்னுக்கு 60 பின்னுக்கு 40, முன்னுக்கு 30 பின்னுக்கு 70, இரண்டுக்குஞ் சமம் என மூன்று வகைப் பகிர்வுகளுள் ஒன்றை ஓட்டுநர் தெரிந்துகொள்ளலாம்.

நான்கு சில்லும் உந்தினும் எஞ்சின் மூக்கிலேதான் இருந்தது. வளைவிலே மூக்கு வெளிப்புறஞ் செல்ல முயலுந் தன்மை அதனால் முற்றாக நீங்காது. 2025 சனவரியில் ரோக்கியோவில் நடந்த காட்சியில், ரொயோட்டா நிறுவனம் இருக்கைகளுக்குப் பின்னே 2 லீற்றர், நான்கு உருளை, ரேர்போ எஞ்சின் பொருத்திய யாரிஸ் ஒன்றைக் காட்டியது. பந்தயத்தில் ஓட்டிச் சோதிப்பதற்கான கார் அது. அதனைக் கண்ட நாள் முதல், அடுத்த யாரிசே இவ்வாறுதான் வருமென ஊகம் பரவிற்று.

நாம் அவ்வாறு கருதவில்லை. இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1980 இல் பிரான்சின் றெனோ நிறுவனம், தன் ஐந்தாம் எண் சிறு காரின் எஞ்சினை முன்னிருந்து எடுத்து இருக்கைகளின் பின்னே வைத்தது. 1.4 லீற்றர் எஞ்சின், 160 பரிவலு. கார் அற்புதமாக ஓடிற்று. ஆனால் பின்னிருக்கை போயிற்று. இருவர்க்கு மட்டும் இடமுள்ள, விலை மிகுந்த பொருளாயிற்று. சிறிய காரின் நடுவில் எஞ்சினை வைத்தால் மனிதர் இறங்க வேண்டியதுதான். ரொயோட்டா 1984 முதல் 2007 வரை விற்ற எம்.ஆர்.2 போன்ற இருவர் கார் ஒன்று மீண்டும் வருமென்றால் அது பொருந்தும். நால்வர் செல்லும் யாரிஸ் அவ்வாறு மாறுமென்பது பொருந்தாது.

மின்சாரம் இக்கணக்கை வேறொரு வகையில் மாற்றிவிட்டது. றெனோ 2025 இல் விவரம் வெளியிட்ட ரேர்போ 3ஈ என்னுங் காரில் எஞ்சினே இல்லை. பின்சில்லுகள் இரண்டின் உள்ளேயும் ஒவ்வொரு மின்மோட்டர். தண்டும் இல்லை, கியர்ப் பெட்டியும் இல்லை. இரண்டுஞ் சேர்ந்து 540 பரிவலு. 1,980 கார்களே செய்யப்படுமென அறிவித்தனர். இசிகோனிஸ் குறைக்கப் பாடுபட்ட தூரம் இங்கே சூனியமாகிவிட்டது. ஆயினும் எடையை நோக்குக: ஏறத்தாழ 1,450 கிலோகிராம். பழைய கொல்ப் காரின் எடைக்கு இது ஒன்றே முக்கால் மடங்கிற்குச் சிறிது மேல். அன்றியும் மோட்டரின் பாரம் விற்சுருளுக்கு மேலே இராது சில்லோடு சேர்ந்து துள்ளுவது. பள்ளமும் மேடுமான வீதியில் அச்சில்லு தரையை விடாது பற்றி நிற்றல் அரிது.

ஆகவே எமது ஊகத்தையுங் கூறிவிடுகின்றோம். அடுத்த தலைமுறைச் சிறிய விரைவுக் காரில் முன்னே குறுக்குவாட்டில் ஒரு சிறு பெற்றோல் எஞ்சினும், பின் அச்சில் ஒரு மின்மோட்டரும் இருத்தல் கூடும். இஃது ஆகாயத்திற் கட்டிய கோட்டை அன்று. யப்பானில் 2020 முதல் விற்ற யாரிஸ் கலப்புக் காரின் ஒரு வகையிலேயே பின்சில்லுகளை மின்மோட்டர் உந்திற்று. 2024 இல் ரொயோட்டா அறிவித்த 1.5 லீற்றர், 2 லீற்றர்ப் புதிய எஞ்சின்களும் உயரங் குறைந்தவையாய், மின்மோட்டரோடு இணைதற்கென்றே வகுக்கப்பட்டவை. மொறிஸ் மைனரின் அடிவயிற்றிற் கிடந்த நீண்ட தண்டு இல்லாமலே நான்கு சில்லுகளும் உந்தும். அதற்கு விலையாக வருவது பற்றறியின் பாரம். 2020 இன் ஜி.ஆர். யாரிஸ் ஏறத்தாழ 1,280 கிலோகிராம் எடை கொண்டது. புதிய கார் பற்றிய அறிவித்தல் வரும் நாளிலே பரிவலுவை மாணவர்கள் உரத்து வாசிக்கட்டும். நாம் எடை எழுதிய வரியைத் தேடுவோம்.