வளர்ப்பு நாயும் உரிமையாளர் கடமையும்

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ள நிலையில், நாய் வளர்ப்பது ஒரு வீட்டாரின் சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை. மாடிப்படியும் மின்தூக்கியும் பூங்காவும் எல்லோருக்கும் பொது. 2018-ஆம் ஆண்டில் மாநகராட்சி, அடுக்குமாடி வீட்டிற்கு ஒரு நாய், தனி வீட்டிற்கு மூன்று நாய்கள் என வரம்பு கட்ட முற்பட்டது. எதிர்ப்பு எழவே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் சிக்கல் தீராது. பயிற்சி பெறாத ஒரு நாயே குடியிருப்பின் அமைதியைக் குலைக்கப் போதும்.

பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரை, குட்டி புதிய மனிதர்களையும் ஓசைகளையும் அஞ்சாமல் ஏற்கப் பழகுகிறது. நற்செயலைச் செய்தவுடனே தின்பண்டமோ பாராட்டோ அளித்தால் அப்பழக்கம் நிலைபெறும். அடிபடும் நாய் அச்சத்தையே கற்கிறது. அச்சமே பல வேளைகளில் கடியாக வெளிப்படுகிறது.

சட்டமும் இருவகைக் கடமைகளை வலியுறுத்துகிறது. எப்போதும் கட்டிவைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்கத் தவறுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமாகும். தம் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு உயிராபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு காக்கத் தவறுவோருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆவது பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் இன்றியமையாதவை. நாள்தோறும் நடையும் பொறுமையான பயிற்சியும் அவற்றுடன் சேரும்போதே உரிமையாளரின் கடமை நிறைவுறும்.