யாழ்ப்பாணம் இவ்வளவு பக்கமா!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சாலை வழியே சுமார் 60 கி.மீ. நெரிசலில் சிக்கினால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு வான்வழியில் சுமார் 355 கி.மீ.தான். சிறிய ஏ.டி.ஆர். விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிடும்!

இந்தக் குறுக்கு வழி எளிதில் கிடைத்துவிடவில்லை. தனுஷ்கோடித் துறைமுகத்தை 1964 டிசம்பர் புயல் அழித்தது. பிறகு ஓடிய ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் 1980களில் போரால் நின்றது. கல்யாணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வர நினைத்த யாழ்ப்பாணக் குடும்பங்கள், எதிர்த்திசையில் 400 கி.மீ. போய்க் கொழும்பில் விமானம் ஏற வேண்டியிருந்தது.

2019 நவம்பரில் சென்னை - பலாலி விமானம் பறந்தது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

கிளம்புகிறீர்களா? பாஸ்போர்ட், விசா விவரங்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம்!